மீசை வெச்ச இன்ஃபன்ட்

வா நைனா, குந்து. கையில இன்னா அது, பயோடேட்டாவா? இங்க குடு. அந்த ஜன்னல் மேல கண்ணாடி இருக்கும், எட்டி எடு. ம்... "ஐ ஆம் எ யங் அண்டு டைனமிக் யூத்." அடேங்கப்பா! யங்கு ஒரு தபா, யூத்து ஒரு தபா. நாளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனிக்காரன் உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுக்க மாட்டானா, நீ கெழவன் இல்லன்னு?

சிரிக்காத. நான் படிச்சது அஞ்சாங்கிளாஸுதான். ஆனா பூந்தமல்லி கோர்ட்டுல டவாலியக் குறுக்கால மாட்டிக்கினு, வாசப்படியில நின்னு மூணு மூணு தபா பேர் கூவியே தலை நரைச்சவன். வக்கீலுங்க பேசுன இங்கிலீஷு ஒரு காதுல பூந்து மறு காது வழியா போவாம உள்ளயே குடித்தனம் இருந்துட்டுது. அதுல ஒண்ணு புரிஞ்சுக்கினேன். இங்கிலீஷ்காரன் சும்மா வயசப் பார்த்துப் பேர் வெக்கிறதில்ல. அந்த வயசுக்காரனால தனக்கு இன்னா வரும்படி, இன்னா தலைவலின்னு கணக்குப் போட்டுட்டுத்தான் வெப்பான்.

உனக்கு இன்னா வயசு ஆவுது? இருபதா? பலே. அது மாதிரி ஒரு கொழப்படி வயசு கெடையாது. போன வருஷம் வரைக்கும் நீ டீனேஜு. தர்ட்டீன்லேர்ந்து நைன்ட்டீன் வரைக்கும் எண்ணோட வால்ல டீனு தொங்குது. ட்வென்ட்டின்ன உடனே வால் உதுந்துடுச்சு. நம்ம பத்திரிகைக்காரங்க இதப் பார்த்துட்டு 'பதின்பருவம்'னு ஒண்ணு செஞ்சாங்க. சோக்காத்தான் இருக்குது. ஆனா வெரல் மடக்கி எண்ணிப் பாரு: பதினொண்ணுலயே பதின் வந்துடுது, பத்தொம்பதுல காணோம். தமிழ்ல எண்ணுனா பதினெட்டோட பதின் காலி. கெவர்மெண்டும் அதே பதினெட்டுலதான் உன்ன மேஜர்ன்றான். நம்ம எண்ணுக்கு இருக்கிற புத்தியப் பாத்தியா?

மேஜர் ஆயிட்டா எல்லாம் ஆயிடுச்சுன்னு நெனைக்காத. ஓட்டு போடலாம், அதுவும் 1989-லேர்ந்துதான், அதுக்கு முன்னால 21. லாரி ஓட்ட லைசென்ஸ் எடுக்கலாம், அதுக்கு 20-தான் கணக்கு. டாஸ்மாக் வாசல்ல போயி நின்னா 21 ஆவலன்னு சட்டப்படி தொரத்தணும். தொரத்துறானான்னு நான் கேக்கல. கல்யாணம்னு வந்தா இன்னும் மோசம். 2006-ல போட்ட குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல, ஆம்பளைக்கு 21 முடியலன்னா அவன் 'சைல்டு'. எம்.எல்.ஏ. யாருன்னு நீ முடிவு பண்ணலாம், பைபாஸ்ல லோடு ஏத்திக்கினு போவலாம், தாலி கட்டப் போனா ஒண்டி நீ கொழந்த. அதனால உங்கம்மாகிட்ட அந்த வேலப்பஞ்சாவடிப் பொண்ணு சங்கதிய இன்னும் ஒரு வருஷம் எடுக்காத. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. டவாலி கழட்டுனாலும் காது கழண்டுக்கல.

இங்கிலீஷ்காரன் ஊர்ல இது இன்னும் தமாஷ். 1969-ல சட்டம் மாத்துற வரைக்கும், 21 ஆவாதவன அவங்க கோர்ட்டுல 'இன்ஃபன்ட்'டுன்னுதான் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில தொட்டில்ல கெடக்குமே, அதுக்கும் அதே பேர்தான். லத்தீன்ல அந்த வார்த்தைக்கு 'பேச்சு வராதது'ன்னு அர்த்தம்னு ஒரு வக்கீலய்யா சொன்னாரு. கல்கத்தாவுல அப்படி ஒரு இன்ஃபன்ட் இருந்துச்சு, தர்மதாஸ் கோஷ்னு பேரு. பேச்சு வராத அந்தக் கொழந்த 1895-ல ஒரு வட்டிக்காரன்கிட்ட 20,000 ரூபாய்க்கு வூட்ட அடமானம் எழுதிக் குடுத்துச்சு. பையனுக்கு இன்னும் 21 ஆவலன்னு முன்னாடியே நோட்டீஸ் போயிருந்துது. வட்டிக்காரனோட ஆளுக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் பணத்தக் குடுத்தான். அப்பால கேஸு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, 1903-ல தீர்ப்பு வந்துது: மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துலேர்ந்தே செல்லாது, வாங்குன பணத்தையும் திருப்ப வேணாம். சட்டக் காலேஜ்ல ஒப்பந்தச் சட்டம் நடத்துற வாத்தியார் எவரும் இன்னிக்கும் இந்தக் கொழந்தயத் தாண்டிப் போவ முடியாது.

இன்னா, கண்ணு மின்னுது? போன மாசம் இ.எம்.ஐ.ல போன் வாங்குனியே, அங்க போயி நான் இன்ஃபன்ட்டுன்னு சொல்லலாமான்னு யோசிக்கிறியா? நடக்காது கண்ணு. நம்ம ஊர்ல 18 தாண்டுனா தவணை கட்டித்தான் ஆவணும்.

இந்த மைனருன்ற வார்த்தைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. சட்டத்துல மைனர்னா, சொந்தமா ஒரு கையெழுத்துப் போட லாயக்கு இல்லாதவன். நம்ம தெருவுல மைனர்னா யாரு? சில்க்கு ஜிப்பா, கழுத்துல மைனர் செயினு, வாயில வெத்தல, யார் பேச்சும் கேக்காத திமிரு. அம்பது வயசுலயும் மைனரு உண்டு. ஒரே வார்த்தை எப்படி இந்தக் குட்டிக்கரணம் போட்டுது? அத ஜமீன்தாருங்களத்தான் கேக்கணும்.

வெள்ளைக்காரன் காலத்துல ஜமீன்தார் கண்ண மூடி, வாரிசு சின்னப் பையனா இருந்தா, சொத்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' எடுத்து நடத்தும். பேருதான் கோர்ட்டு, உள்ள குந்திக்கினு இருந்தது ரெவின்யூ போர்டு. 1875-ல போட்ட மெஜாரிட்டி சட்டத்துல ஊருக்கெல்லாம் 18. ஆனா சொத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கையில இருந்தா, இல்ல தர்மதாஸுக்குப் போட்ட மாதிரி கோர்ட்டே கார்டியன் போட்டிருந்தா, 21. இந்த மூணு வருஷ வித்தியாசத்த 1999-லதான் எடுத்தாங்க. யோசிச்சுப் பாரு: கழனியில நாத்து நடுறவன் மவன் 18-ல மேஜர். ஆயிரக்கணக்குல ஏக்கர் வெச்சிருந்தவன் மவன் முறுக்கு மீசையோட 20 வயசுல மைனர். சொத்து இருந்தாத்தான் மைனர் நீளும். ஊர்ச்சனம் இதப் பார்த்துது. மைனர்னா வேலை வெட்டி இல்ல, காசு இருக்குது, தட்டிக் கேக்க அப்பன் இல்ல. அப்படித்தான் அந்தப் பேரு தெருவுல எறங்கியிருக்கணும். இது என் யூகம். அகராதிக்காரன் சண்டைக்கு வந்தா வரட்டும், திண்ணை காலியாத்தான் இருக்குது.

அந்த மைனருங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க மெட்ராஸ் தேனாம்பேட்டையில 'நியூயிங்டன்'னு ஒரு பங்களா நடத்துனாங்க. பிரின்சிபாலு டி லா ஹேன்னு ஒரு வெள்ளைக்காரன். 1919 அக்டோபர் 15 ராத்திரி, அந்த மனுஷன யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க. சந்தேகத்துல மாட்டுனது அங்க படிச்சுக்கினு இருந்த தெக்கத்தி ஜமீன் மைனருங்க ரெண்டு பேரு, கடம்பூரும் சிங்கம்பட்டியும். சிங்கம்பட்டி அப்ரூவர் ஆயிட்டாரு. விசாரணைய மெட்ராஸ்லேர்ந்து பம்பாய் ஹைகோர்ட்டுக்குத் தூக்கினு போனாங்க. கடம்பூருக்கு விடுதலை. கேஸுக்குச் செலவழிச்சே சிங்கம்பட்டி கடன்ல முழுவுச்சு, அதனாலதான் 1929-ல மலையில 8,000 ஏக்கருக்கு மேல பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டாங்கன்னு திருநெல்வேலிப் பக்கத்துல சொல்லுவாங்க. மாஞ்சோலை எஸ்டேட்டு இருக்குதே, அதான் அது. பள்ளிக்கூடத்துப் பையனுங்க கேஸு ஒண்ணு, காட்ட அழிச்சுத் தேயிலை நட்டுட்டுது. இப்ப சொல்லு, பயோடேட்டாவுல மைனர்னு போட்டுக்கிறியா? கவரிங் செயினு ஒண்டி போதும்ன்றியா? புத்திசாலி.

உன் தம்பி சங்கதி வேற. பதினாறுதான ஆவுது அவனுக்கு? ஐயப்பன்தாங்கல் டெப்போ தாண்டி, அந்த ஆரஞ்சுக் கலர் வண்டிய ஒத்தச் சக்கரத்துல தூக்கினு போறான். அவனுக்குன்னு 'ஜூவனைல்'னு ஒரு பேரு காத்துக்கினு இருக்குது. டாக்டர் வாயில வந்தா அது சாதாரணப் பேரு. வாத்தியார் வாயில வந்தா 'சின்னப்புள்ளத்தனம்'னு திட்டு. போலீஸ்காரர் வாயில வந்தா உங்கப்பன் சட்டைப்பையத் தொட்டுப் பாத்துக்கணும். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 199-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. ஜூவனைல் வண்டி ஓட்டி மாட்டுனா 25,000 ரூபா அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு. இதெல்லாம் பையனுக்குன்னு நெனச்சியா? வண்டியக் குடுத்த கார்டியனுக்கு, இல்ல வண்டி ஓனருக்கு. வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸு கெடையாது. தம்பிகிட்ட சொல்லு: ஒத்தச் சக்கரத்துல அவன் தூக்குறது வண்டிய இல்ல, உங்கப்பன.

அந்தப் பேரு இப்ப சட்டம் எழுதுறவங்களுக்கே கசந்துட்டுது. 1986-ல ஆம்பளப் பையன்னா 16 வரைக்கும் ஜூவனைலு, பொம்பளப் புள்ளைன்னா 18. 2000-த்துல ரெண்டு பேருக்கும் 18 ஆக்குனாங்க. 2015-ல குத்தம் பண்ண புள்ளைக்கு அந்த வார்த்தைய எடுத்துட்டு, 'சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை'ன்னு பதவிசா எழுதிட்டாங்க. சட்டத்தோட தலைப்புல ஜூவனைலு அப்படியே நிக்குது. அதே கையோட, 16 தாண்டுனவன் கொடுங்குத்தம் பண்ணா பெரியவனா வெச்சு விசாரிக்கலாம்னும் சேர்த்துட்டாங்க. வார்த்தை மெதுவாச்சு, அடி பலமாச்சு.

நீ போவப் போற எஸ்டேட்டுக்கும் ஒரு கணக்கு இருந்துது. 1948-ல போட்ட ஃபேக்டரி சட்டத்துல 15 ஆவலன்னா சைல்டு, அதுக்கு மேல 18 வரைக்கும் 'அடலசென்ட்', ரெண்டையும் ஒண்ணாக் கட்டி 'யங் பர்சன்'. அடலசென்ட்ட வேலைக்கு எடுக்கணும்னா டாக்டர் சர்டிபிகேட்டு வேணும், அந்த வெவரம் போட்ட டோக்கன் வேலை நேரத்துல பையன்கிட்டயே இருக்கணும். டிவியில ஒரு டாக்டரம்மா 'வளரிளம் பருவம்'னு உருகிக்கினு இருக்குதே, மொகப்பரு, கண்ணாடி முன்னால நிக்கிறது, கதவ அறைஞ்சு சாத்துறதுன்னு? அதுவும் இதே அடலசென்ட்டுதான். வூட்ல அது மனசு, மிஷினுகிட்ட அது டோக்கன்.

இன்னொரு பேரு இருக்குது, பாய். நம்ம பிரியாணிக் கடை பாய் இல்ல. கோர்ட்டுல எங்களுக்கு டீ கொண்டாந்த ஆளுக்கு நாலு பேரப்புள்ளைங்க. அவர எல்லாரும் "பாய்"னுதான் கூப்பிட்டாங்க. வெள்ளைக்காரன் தன் பங்களா வேலைக்காரனுக்கு வெச்ச பேரு அது, மீசை நரைச்சாலும் பாய்தான். வெச்சவன் கப்பல் ஏறிப் போயிட்டான், பேரு இங்கயே 'ஆபீஸ் பாய்', 'டெலிவரி பாய்'னு வேலை பார்த்துக்கினு இருக்குது. இங்கிலீஷ்ல ஏழைக்கு வயசு ஏறாது.

பேச்சுலருன்னா தெரியுமில்ல? நம்ம நூம்பல்ல வூட்டுக்கு வூடு கேட்ல தொங்குது: "டு லெட், ஃபேமிலி ஒன்லி, நோ பேச்சுலர்ஸ்." அதே வூட்டுக்குள்ள போயிப் பாரு, ஹால்ல சாமி படத்துக்குப் பக்கத்துல ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பான்: "பேச்சுலர் ஆஃப் இன்ஜினியரிங்." செவுத்துல இருந்தா மரியாதை, செருப்போட வந்தா கேட்ட சாத்து. நெல்லு வெளஞ்ச எடத்துல வூடு கட்டி வாடகை வெளைய வெச்சிட்டோம், அந்தப் பயிருக்குப் பேச்சுலர்னா பூச்சி மாதிரி ஒரு பயம். நான் ஒண்டி என் மேல் போர்ஷன் போர்டுல "ஒர்க்கிங் யங்ஸ்டர்ஸ் வெல்கம்"னு எழுதச் சொன்னேன். அட்வான்ஸு ஒண்ணரை மடங்கு. பேச்சுலரும் யங்ஸ்டரும் ஒரே ஆளுதான் தம்பி. அட்வான்ஸ் குடுத்த பேச்சுலருக்குப் பேரு யங்ஸ்டரு.

இப்ப உன் யூத்துக்கு வா. நம்ம ஆளுங்க அத ஆள்பேராவே ஆக்கிட்டாங்க. "நானும் யூத்துதாம்பா"ன்னு சொல்லாத மாமனாரு இல்ல. 2002-ல விஜய் படமே அந்தப் பேர்ல வந்துது. இங்கிலீஷ் பேப்பர்ல யூத்து எப்ப வருவான்னு பார்த்திருக்கியா? பைக்லேர்ந்து விழுந்தா, ஏரியில முழுவுனா, செயினு அறுத்தா. அதே வயசுக்காரன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தா, செத்தாலும் 'டெக்கி'. தமிழ்ப் பேப்பரும் லேசுப்பட்டதில்ல. பரிசு வாங்குனா இளைஞர், புடிச்சு உள்ள போட்டா வாலிபர். 'வாலிபர் சாதனை'ன்னு தலைப்பு எங்கனா பார்த்திருக்கியா? எப்பவும் 'வாலிபர் கைது'தான். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்துக்காரங்க கோச்சுக்கக் கூடாது. அவங்களும் மறியல் பண்ணி அப்பப்ப உள்ள போறாங்களா, தலைப்பு பொருந்திடுது.

யூத்து எப்ப முடியுதுன்றியா? அது கெவர்மெண்டு கையில இருக்குது. 2003-ல டில்லியில போட்ட தேசிய இளைஞர் கொள்கையில 13-லேர்ந்து 35 வரைக்கும் யூத்து. 2014-ல புதுசு போட்டப்ப 15-லேர்ந்து 29. முந்தின நாள் ராத்திரி யூத்தாப் படுத்தவன் எத்தினி பேரு காலையில யூத்து இல்லாம எழுந்திருச்சான் பாரு, முப்பத்தஞ்சு வரைக்கும் அத்தினி பேரும் காலி! ஐ.நா. சபைக்காரன் இன்னும் கஞ்சன், கணக்கெடுக்க 15 டு 24 போதும்ன்றான். கட்சிக்காரங்களுக்குத்தான் தாராள மனசு. யூத் காங்கிரஸ் 35-ல கோடு போட்டு வெச்சிருக்குது. மு.க. ஸ்டாலின் தி.மு.க. இளைஞரணிச் செயலாளர் பொறுப்ப விட்டது 2017-ல. அப்ப அவருக்கு 63. குத்தமாச் சொல்லல. அரசியல்ல பெரியவங்க எடம் காலி ஆவுற வரைக்கும் எல்லாரும் எளைஞர்தான்.

நம்ம பழைய ஆளுங்க இதுல கறாரு. பன்னிரு பாட்டியல்னு ஒரு இலக்கண நூல் இருக்குது. அதுல ஆம்பளைக்கு வரிசையா பேர் வெச்சு, வயசும் போட்டிருக்கான். ஏழு வரைக்கும் பாலன், பத்து வரைக்கும் மீளி, பதினாலு வரைக்கும் மறவோன், பதினைஞ்சு ஒரே வருஷம் திறலோன், பதினாறு ஒரே வருஷம் காளை. நீ காளையா இருந்து நாலு வருஷம் ஆச்சு தம்பி, யாராவது சொன்னாங்களா உன்கிட்ட? இப்ப நீ விடலை. முப்பது வரைக்கும் விடலைதான். முப்பது தாண்டுனா? முதுமகன். நடுவுல ஒண்ணும் கெடையாது. கெவர்மெண்டு பல கமிட்டி போட்டு 29-ன்னு வந்து நின்னுது, அந்தப் புலவன் எந்தக் கமிட்டியும் போடாம 30-ன்னுட்டான். பொம்பளைங்களுக்கு பேதைலேர்ந்து பேரிளம்பெண் வரைக்கும் ஏழு. அதுல கடைசியில கூட ஒரு 'இளம்' ஒட்டிக்கினு இருக்குது பாரு. நாப்பது வயசுப் பொம்பளைய எளமை இல்லன்னு சொல்ல எந்தப் புலவனுக்குத் தைரியம் இருந்துது?

நீ விடலைன்னு எழுதுனா கம்பெனிக்காரனுக்குப் புரியாது, புரிஞ்சா வேலை கெடைக்காது. பேனா எடு. யங்க அடி. யூத்தயும் அடி. டேட் ஆஃப் பர்த்து கீழ எழுதியிருக்கியே, அது போதும். டைனமிக்க வேணும்னா வெச்சுக்க, ஒம்போது மணி வரைக்கும் போர்வைக்குள்ள இருக்கிறது அவனுக்கு எங்க தெரியப் போவுது? இன்டர்வியூல "யங் மேன்"னு ஆரம்பிச்சு எவனாவது பேசுனா நிமிந்து குந்திக்க, அடுத்து வரப் போறது திட்டு. ஜட்ஜய்யா அப்படி ஆரம்பிச்சா நாங்க கூண்டுல நிக்கிறவனுக்குத் தண்ணி எடுத்து வெச்சிடுவோம். "கிட்"டுன்னு சொன்னா சம்பளம் கொறைச்சல். "ஃப்ரெஷர்"னு சொன்னா அதவிடக் கொறைச்சல். "இம்மெச்சூர்"னு காதுல விழுந்தா எழுந்து வந்துடு, டீ என் கணக்கு.

ஒரு வார்த்தை ஒண்டி உன் வயசுக்கு வரவே வராது. 'யூத்ஃபுல்'. யூத்தப் பார்த்து யாரும் யூத்ஃபுல்னு சொல்றதில்ல, அது போனவனுக்குத்தான் சொல்லுவாங்க. போன வாரம் பல்லு காட்டப் போனேன். டாக்டர் பொண்ணு, உன்னவிட ஒரு அஞ்சு வயசு பெரிசு இருக்கும். வாயத் தொறக்கச் சொல்லி, லைட்ட அடிச்சு, "தாத்தா, யூ லுக் ஸோ யூத்ஃபுல்"னு சிரிச்சுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் மைனர் செயின் போட்ட மாதிரி இருந்துது. அப்பால கொறடக் கையில எடுத்துக்கினு கேட்டுச்சு: "மேல மூணு ஆடுது, இன்னிக்கே எடுத்துடலாமா?"